அமைதியான கதைகளைத் தேடிப் போவது கோழைத்தனமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 37. தனியார் கடன் நிறுவனம் ஒன்றின் வசூல் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை, இப்போது டீம் லீடர். கணவர் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஏழாவது படிக்கும் மகள், சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் மாமியார், இன்னும் ஒன்பது ஆண்டு கட்ட வேண்டிய வீட்டுக் கடன். சில மாதங்களாக அவரால் செய்தி சானல் பார்க்க முடியவில்லை. சீரியல், த்ரில்லர், கொலை விசாரணை எதைப் போட்டாலும் நெஞ்சு படபடக்கிறது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சப்டைட்டில் போட்ட ஜப்பானியத் தொடர்கள், சீனக் கிராமத்துச் சமையல் காணொளிகள், ஏற்கெனவே படித்த பழைய சிறுகதைகள் என்று ஒரு மணி, ஒன்றரை மணி வரை ஓடுகிறது. "ஒரு பெண் கடையைத் திறக்கிறாள், மழை வருகிறது, நனைந்து வந்தவருக்கு சூப் வைத்துக் கொடுக்கிறாள், அவ்வளவுதான் கதை. அதைத்தான் மறுபடி மறுபடி பார்க்கிறேன்" என்கிறார். கணவர் சொல்வது: "நெசத்தப் பாக்கப் பயந்துட்டு ஓடற." இவருக்கே அப்படித்தானோ என்று சந்தேகம். வேலையை விட்டுவிட்டு, கோபிச்செட்டிபாளையம் பக்கம் காலமான அப்பாவின் வீட்டில் போய் மெதுவாக வாழலாமா என்று கேட்கிறார். எனக்கு ஏதாவது மனநோயா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. அமைதியான கதைகள் பிடிப்பது எந்த நோயின் அறிகுறியும் இல்லை. உங்கள் கடிதத்தில் நான் கவலைப்பட்ட இடங்கள் வேறு. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் வேலை என்ன? காலை ஒன்பதரையிலிருந்து போன். தவணை கட்டாதவர் அழுவார், திட்டுவார், சிலர் செத்துப்போய்விடுவேன் என்பார். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அடுத்து என்ன வரப்போகிறதோ என்று உடம்பு இறுகுகிறது. மாதக் கடைசி என்றால் மேலிடத்து அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். ஆபத்து வருகிறது, தயாராக இரு என்று உடம்பு கொடுக்கும் அந்த எச்சரிக்கையை நீங்கள் சாயங்காலத்துக்குள் முழுதாகச் செலவழித்துவிடுகிறீர்கள். ராத்திரி ஒரு த்ரில்லர் உங்களிடம் கேட்பதும் அதே எச்சரிக்கையைத்தான். நாள் முழுக்கக் காரம் தின்ற வயிறு ராத்திரி மோர்ச்சோறு கேட்பதுபோல உங்கள் மனம் மழையையும் சூப்பையும் கேட்கிறது. படித்த கதையையே திரும்பப் படிப்பதற்கும் இதுதான் காரணம். முடிவு தெரிந்த கதையில் காவல் இருக்க வேண்டியதில்லை.

இந்த ரசனை உங்களுக்கு மட்டும் வந்த விசித்திரமும் இல்லை. 2009-இல் நார்வேயின் அரசுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே., பெர்கன் நகரிலிருந்து ஆஸ்லோ வரை போகும் ரயில் பயணத்தை அப்படியே ஒளிபரப்பியது. அந்த ரயில் பாதைக்கு நூறாண்டு ஆனதை ஒட்டிய நிகழ்ச்சி அது. ஏழு மணி நேரத்துக்கு மேல் தண்டவாளம், சுரங்கம், பனி, நடுவில் கொஞ்சம் பேட்டிகளும் பழைய படங்களும். ஐம்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள அந்த நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் அதில் ஒரு பகுதியையாவது பார்த்தார்கள். வரவேற்பைப் பார்த்து, 2011-இல் ஒரு கப்பல் பயணத்தை 134 மணி நேரம் இடைவிடாமல் காட்டினார்கள். அத்தனை பேரும் பயந்து ஓடியவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஒன்றும் நடக்காத கதை" என்பது சரிதானா?

நீங்கள் பார்க்கும் ஜப்பானியத் தொடர்களை அங்கே இயாஷிகெய் என்ற வகையில் சேர்ப்பார்கள். மனதை ஆற்றும் கதைகள். இவை பெருகிய காலத்தைக் கவனியுங்கள். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது, அதாவது தாறுமாறாக ஏறியிருந்த நில விலையும் பங்கு விலையும் சரிந்தன. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல். இதற்கெல்லாம் பிறகுதான் மனதை ஆற்றும் இசை, கதை, படம் என்று ஒரு பெரிய அலையே அங்கே எழுந்தது. இந்தக் கதைகளைத் தேடியவர்கள் நிஜத்தை நெருங்கிப் பார்த்தவர்கள். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லலாம்.

நம்மிடமும் இது புதிதில்லை. குறுந்தொகையின் 167-வது பாட்டு ஆறே வரி. புதிதாகக் கல்யாணமான பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்த விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொள்கிறாள், மாற்றிக் கட்ட நேரமில்லை. தாளிப்புப் புகை கண்ணை மறைக்கிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் வெளியே தெரியாத அளவுக்கு மெல்ல மலர்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் இதைப் பெற்ற தாயிடம் சொல்கிறாள். பாட்டு முடிந்தது. போரில்லை, பிரிவில்லை, கணவன் மனைவிக்கு நடுவே மூன்றாவது ஆள் இல்லை. ஆனாலும் அந்தக் குழம்பு அவனுக்குப் பிடிக்குமா என்பதில் அந்தப் பெண்ணின் அன்றைய நாள் முழுதும் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கோ, மகள் நன்றாக இருக்கிறாளா என்ற ஒற்றைக் கவலைக்கு அதில் பதில் இருக்கிறது.

ஆக, இந்தக் கதைகளிலும் ஏதோ ஒன்று கைகூடுமா, கூடாதா என்ற தவிப்பு இருக்கிறது. ஒரு மனிதர் தாங்கக்கூடிய அளவில் இருக்கிறது. உலகம் அழியுமா என்ற கேள்விக்கு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. நனைந்து வந்தவருக்குக் குளிர் விட்டதா என்ற கேள்விக்கு உங்களால் ஏதாவது செய்ய முடியும். நாள் முழுக்க உங்களால் தீர்க்க முடியாத அடுத்தவர் கடன்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு, தீர்க்கக்கூடிய அளவில் ஒரு கஷ்டத்தைப் பார்ப்பதே பெரிய ஆறுதல். என் பார்வையில் உங்கள் ஈர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நீங்கள் அதை நடுவில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஞாயிறு கரண்ட் இல்லாத நேரம் மாமியாரோடு உட்கார்ந்து முறத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்தீர்கள். சின்ன வயசில் படம் பார்க்கப் போய் பஸ்ஸைத் தவறவிட்ட கதையை அவர் சொன்னார். "அதில் கதையே இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் நான் போனை எடுக்கவே இல்லை." சகோதரி, ராத்திரி ஒரு மணிக்கு ஜப்பானில் நீங்கள் தேடுவது உங்கள் வீட்டு அடுப்படியில் ஒருநாள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஊரும் மாறவில்லை, வேலையும் போகவில்லை. ஊருக்குப் போகும் முடிவை எடைபோடும்போது இதை மறக்காதீர்கள்.

ஓடிப்போவதா, ஓய்வா: எப்படிக் கண்டுபிடிப்பது?

என்ன பார்க்கிறீர்கள் என்பதைவிட, பார்த்துவிட்டு எப்படித் திரும்பி வருகிறீர்கள் என்று கவனியுங்கள். அரை மணி நேரம் கதைக்குப் பிறகு மகளின் பேச்சைக் கேட்கப் பொறுமை கூடுகிறதா? அப்படியென்றால் அது ஓய்வு. பார்த்து முடித்ததும் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போய், காலையில் எழும்போது முன்பைவிடச் சோர்வாக, எரிச்சலாக இருக்கிறதா? அங்கே தொந்தரவு கதையால் வருவதில்லை, நேரத்தாலும் தானாக ஓடும் அடுத்த எபிசோடாலும் வருகிறது. ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இரவு பத்தரைக்கு மேல் திரை வேண்டாம், புத்தகம் படியுங்கள். முடிந்தால் மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஏழாவது படிக்கிற பிள்ளை "போர் அடிக்குது" என்று சொல்லத்தான் சொல்லும், ஆனால் எழுந்து போகாது.

ஒன்றை மட்டும் ஓய்வு என்று என்னால் விட முடியவில்லை. தங்கை முறையுள்ள ஒருவர் வீட்டுக்கு வருகிறேன் என்றபோது இரண்டு முறை பொய் சொல்லித் தவிர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களுக்குப் பிடித்தவர். பிடித்த மனிதர்களையும் தவிர்க்கத் தொடங்கும்போது கொஞ்சம் உஷாராக வேண்டும்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

எடை ஆறு கிலோ கூடியது, முடி கொட்டுவது, மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமானது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது: இவற்றை நீங்கள் மன அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே முகத்தோடு வரும். படபடப்பும் ரத்தசோகையில் உண்டு. ஹீமோகுளோபின், டி.எஸ்.ஹெச். (தைராய்டு சோதனை), பி12, சர்க்கரை நான்கையும் பார்த்துவிட்டு ஒரு பொது மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தப்போக்குக்காக மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டும். மாத்திரையில் சரியாகக்கூடிய ஒன்றுக்காக யாரும் வேலையை விடக் கூடாது.

மனச்சோர்வு நோயா என்று சந்தேகிக்க ஒரு பொதுவான அளவுகோல் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்திருப்பது, அல்லது எதிலுமே ஆசை இல்லாமல் போவது. கூடவே தூக்கம், பசி, கவனம் கெடுவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். உங்களுக்கு இன்னும் கதை இனிக்கிறது, கீரை ஆய்ந்தது இனித்திருக்கிறது. அது நல்ல அடையாளம். அந்த இனிப்பும் போய், திரை ஓடிக்கொண்டிருக்க நீங்கள் வெறுமனே படுத்திருக்கும் நிலை வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிய எண்ணம் ஒருமுறை வந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

ஊர் வீடும் மெதுவான வாழ்க்கையும்

இங்கே உங்கள் எண்ணம் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். கிராமம் மெதுவானது என்று நினைக்கிறீர்கள். மாடு வைத்தால் விடிவதற்குள் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும், சாயங்காலம் மறுபடி. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வாய்க்கால் தண்ணீர் முறை வரும் நேரத்துக்கு வரும். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்தில் எழுந்து போய்ப் போட வேண்டும், அது நடுராத்திரியாகவும் இருக்கும். மஞ்சள் போட்டால் ஒன்பது, பத்து மாதம் காத்திருந்து, வெட்டி, வேகவைத்து, காயவைத்து, அப்புறம் விலை என்ன என்று பார்க்க வேண்டும். நீங்கள் போகும் தெருவிலும் குழுக் கடனுக்கு வாரத் தவணை வசூலிக்க ஆள் வருவார், இந்த முறை நீங்கள் திண்ணையில் இருந்து அதைப் பார்ப்பீர்கள். இவ்வளவும் தெரிந்தும் அந்த வாழ்க்கை பிடித்தால் சரி, அது நல்ல வாழ்க்கை. ஓய்வுக்காக மட்டும் போனால் ஏமாந்துபோவீர்கள்.

காணொளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனக் கிராமத்து வாழ்க்கையை அழகாகக் காட்டி உலகப் புகழ் பெற்ற லீ ஸீச்சி, 2021 ஜூலைக்குப் பிறகு மூன்று ஆண்டுக்கும் மேல் எதையும் வெளியிடவில்லை. தன்னோடு தொழில் செய்த நிறுவனத்துடன் உரிமைத் தகராறு, நீதிமன்றம், 2022 கடைசியில் சமரசம். 2024 நவம்பரில்தான் திரும்ப வந்தார். அவர் காட்டும் கைவேலை பொய் என்று நான் சொல்லவில்லை, அந்த உழைப்பு எனக்கும் பிடிக்கும். அந்த அமைதியைப் படம்பிடிப்பது ஒரு முழுநேரத் தொழில், அதற்கும் ஒப்பந்தமும் காலக்கெடுவும் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு பாருங்கள்.

வீட்டின் உரிமை பற்றி: பட்டா அண்ணன் பெயரில் இருப்பதால் தனக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டா மட்டுமே உரிமையை முடிவு செய்துவிடாது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்தில் அம்மாவுக்கும் உங்கள் இருவருக்கும் சமபங்கு உண்டு. மூலப் பத்திரத்தோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் அண்ணனோடு பேசித் தீர்க்காமல் அந்த வீட்டில் போய் உட்கார்ந்தால், நீங்கள் விட்டு வந்த டென்ஷன் வேறு பெயரில் வாசலுக்கு வரும்.

வேலையை விடும் முன்

வேலையைவிட இந்தப் பிரிவுதான் உங்களைத் தின்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆவணச் சரிபார்ப்பு, ஆடிட், பயிற்சி என்று வாடிக்கையாளர் போன் இல்லாத பிரிவுக்கு மாற்றம் கேட்டீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. 11 ஆண்டு அனுபவத்தோடு கேட்கலாம். வாய்மொழியாக வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சம்பளமில்லா விடுப்பு ஒரு மாதம் கிடைக்குமா என்று அடுத்துக் கேளுங்கள்.

விடுவதாகவே முடிவானால் பணக் கணக்கு இப்படி. ஐந்து ஆண்டு தாண்டியவர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. ராஜினாமா செய்தாலும் உண்டு, பலர் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. இதற்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்றால் 11 ஆண்டுக்கு ஏறத்தாழ 1,90,000 வரும். உங்கள் தொகையை ஹெச்.ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று நியமனக் கடிதத்தில் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் மருத்துவக் காப்பீடு. மாமியார் உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருக்கிறார். வேலை முடிந்தால் அதுவும் முடியும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற வழி உண்டா என்று கடைசி நாளுக்கு முன்பே விசாரியுங்கள். சர்க்கரை உள்ள பெரியவருக்குப் புதிதாக பாலிசி எடுப்பது செலவும் அலைச்சலும்.

இதற்கிடையில் ஊரைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மே மாதம், மகளின் லீவில், சேர்த்து வைத்த விடுப்பை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் போய் இருங்கள். கத்திரி வெயிலில், கொசுவோடு, கரண்ட் போகும் மத்தியானத்தோடு. மழைக்கால ஊர் யாருக்கும் பிடிக்கும். மே மாதத்து ஊர் பிடித்தால் பேச்சைத் தொடரலாம்.

அதுவரை, இருக்கும் நாளிலேயே ஒரு மூலையை மீட்டெடுங்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டே மத்தியானச் சோறு தின்பதாக எழுதியிருந்தீர்கள். இருபது நிமிஷம் போனை டிராயரில் போட்டுப் பூட்டுங்கள். டீமில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் சாப்பிடும்போது நீங்கள் பாருங்கள்.

கணவரிடம்

அவர் சொன்ன வார்த்தை வலித்திருக்கிறது. ஆனால் அவர் பயத்தையும் யோசியுங்கள். பட்டறை வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும், உங்கள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டுக் கடன் ஓடுகிறது. நீங்கள் ராத்திரி திரையைப் பார்க்கும்போது அவர் பார்ப்பது கட்ட முடியாத தவணையை. வேலையை விடுவது பற்றிய பேச்சையும் கதைகள் பற்றிய பேச்சையும் தனித்தனியாக வையுங்கள். இரண்டும் ஒன்றாக வந்ததால்தான் கதையே அவருக்கு எதிரியாகத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர் அப்பாவின் பழைய மொபெட்டைக் கழற்றி மூன்று மணி நேரம் துடைத்து மாட்டுவார், அது ஓடுவதே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஞாயிறு பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். துடைக்கும்போது மனசுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். குத்திக்காட்டும் குரல் வேண்டாம், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு உங்கள் ராத்திரிக் கதைகளைப் பற்றிச் சொல்லலாம். கடன் புத்தகத்தை அன்றைக்கு எடுக்க வேண்டாம், அதற்கு வேறு ஒரு நாள் வையுங்கள்.